இரண்டு குரூசர்களும் ஒரு மலைப்பாதையும்

ஐம்பது வயதைக் கடந்த ஒருவன் மோட்டார் சைக்கிள் வாங்கப் போவதாகச் சொன்னால், கேட்பவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். பிறகு அவனுடைய முதுகைப் பற்றி விசாரிக்கிறார்கள். 2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எனக்கும் அதுவே நேர்ந்தது. பத்திரிகை அலுவலக நாற்காலியில் முப்பது வருடங்களாக உட்கார்ந்து தேய்ந்த முதுகு என்னுடையது. "கார் ஒன்றைப் பார்க்கக் கூடாதா?" என்று கேட்ட நண்பர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. பத்திரிகையாளனின் சம்பளத்தை அறிந்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

என் தேவை மிக எளிமையானது. அம்மா நோட்டன் பிரிட்ஜில் இருக்கிறார். கொழும்புக்கு வந்து எங்களோடு இருக்கச் சொன்னால், "அங்க மூச்சு முட்டுது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். ஞாயிறு இதழின் கடைசிப் பக்கம் சனிக்கிழமை எந்த நேரத்தில் முடியும் என்பதை அச்சகமும் அறியாது. ஹற்றன் வரை ரயிலிலோ பஸ்ஸிலோ போய்விடலாம். அதன்பின் நோட்டனுக்கு அடுத்த பஸ் வரும்வரை காத்திருப்பதில் பாதி நாள் போய்விடும். நான் நினைத்த நேரத்தில் புறப்படவும், மனைவியையும் ஏற்றிக்கொண்டு போகவும், போய் இறங்கியதும் நிமிர்ந்து நிற்கவும் ஒரு வண்டி வேண்டும். என்னிடமிருந்த சிறிய வண்டி முதல் இரண்டையும் செய்தது. மூன்றாவதைச் செய்ய மறுத்தது.

ஆகவே குரூசர். தாழ்ந்த அகலமான இருக்கை, உயர்ந்து பின்னோக்கி வளைந்த கைப்பிடி, முன்னோக்கி நீண்ட கால்வைப்பு. முதுகு நிமிர்ந்திருக்கும், மணிக்கட்டில் பாரம் விழாது, முழங்கால் மடங்காது. விளம்பரப் படங்களில் அப்படித்தான் தெரிகிறது.

ஆனால் எந்த வண்டியை வாங்குவது? 2020 மார்ச்சில் வெளிநாட்டுச் செலாவணி நெருக்கடியின் தொடக்கத்தில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்தது. 2025 பெப்ரவரியில்தான் அந்தக் கதவு தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் இந்த நாட்டில் புதிதாக இறக்குமதியாகும் வண்டிக்கான தெரிவு என்பதே கிடையாது. ஏற்கெனவே வந்திறங்கிய வண்டிகள் கைமாறின. விலையும் கைக்குக் கை ஏறியது. என் பணத்துக்கு எட்டும் தூரத்தில் இரண்டு பழைய குரூசர்கள் நின்றன. ஒன்று பஜாஜ் அவெஞ்சர் 220 குரூஸ். மற்றது ரோயல் என்பீல்ட் தண்டர்பேர்ட் 350.

இரண்டுமே இந்தியாவிலிருந்து வந்தவை. ஆனால் குலம் வேறு. அவெஞ்சரின் மூதாதை ஜப்பானிய வம்சம். கவாசாகியின் கூட்டுறவோடு பஜாஜ் விற்ற எலிமினேற்றர் என்ற வண்டியின் தோற்றத்தைத் தழுவி, 2005இல் முதல் அவெஞ்சர் வந்தது. 220 சிசி இயந்திரத்தோடு 2010இல் வளர்ந்தது. 2015இல் குரூஸ், ஸ்ட்ரீட் என்று இரண்டாகப் பிரிந்தது. என்பீல்டின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரில் 1901இல் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. 1955இல் சென்னையில் அதன் இந்தியக் கிளை பிறந்தது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தாய் நிறுவனம் இங்கிலாந்தில் 1970இல் மூடப்பட்ட பின்னும் சென்னைக் குழந்தை மூச்சை விடவில்லை. அந்தக் குழந்தை 2002இல் பெற்றெடுத்த குரூசர்தான் தண்டர்பேர்ட். 2012இல் அதற்கு 20 லீற்றர் கொள்ளும் பெரிய தாங்கி கிடைத்தது. 2020இல் அதன் உற்பத்தி நின்று, மீற்றியோர் 350 என்ற வண்டி அதன் இடத்துக்கு வந்தது. மீற்றியோர் வந்தபோது எங்கள் துறைமுகம் மூடியிருந்ததால் அதைப் பற்றி நான் கனவு காணவும் அவசியம் ஏற்படவில்லை.

தாளில் எழுதிப் பார்த்தேன், தொழில் பழக்கம். குதிரைவலுவில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை: இரண்டும் ஏறத்தாழ 19, 20. ஆனால் அந்த வலு எங்கே கிடைக்கிறது என்பதில்தான் முழுக் கதையும் இருக்கிறது. தண்டர்பேர்டின் முறுக்குவிசை 28 நியூட்டன் மீற்றர். இயந்திரம் நிமிடத்துக்கு 4000 தடவை சுழலும்போதே அது முழுதாகக் கைக்கு வந்துவிடும். அவெஞ்சருக்கு 17.5, அதற்கும் 7000 சுழற்சி வரை முறுக்க வேண்டும். ஒன்று, மூட்டையைத் தோளில் ஏற்றி நிதானமாக மலையேறும் ஆள். மற்றது, அதே மூட்டையோடு ஓடி ஏறும் ஆள். எடையில் கதை தலைகீழ். தண்டர்பேர்ட் ஏறத்தாழ 190 கிலோ. அவெஞ்சர் அதைவிட 35 கிலோவாவது குறைவு. பின்சக்கரத்தில் தண்டர்பேர்டுக்கு டிஸ்க் பிரேக், அவெஞ்சருக்கு டிரம் பிரேக். இருக்கை இரண்டிலும் தாழ்வு. அவெஞ்சரில் இன்னும் தாழ்வு. பின்னால் இருப்பவருக்கு முதுகுச் சாய்வு இரண்டிலும் உண்டு. அவெஞ்சரில் அது சற்று உயரம்.

தாளில் தண்டர்பேர்ட் வென்றுவிட்டது. மனதிலும் அது முன்னரே வென்றிருந்தது. ஏன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மோட்டார் சைக்கிள் என்பது வெறும் வாகனம் இல்லை. எங்கள் சிறுவயதில் அந்தச் சத்தம் துரையின் சத்தம். பெரியதுரை ஜீப்பில் வருவார்; மலைக்கு மலை ஏறி இறங்கி வேலை பார்க்கும் சின்னதுரை மோட்டார் சைக்கிளில் வருவார். வெள்ளைக்காரர் காலத்தில் இங்கிலாந்து வண்டிகள். அவர்கள் போன பிறகும் வண்டியும் வழக்கமும் இருந்தன. வளைவுக்கு அப்பால் "டுப் டுப்" என்று அந்த ஒற்றைச் சிலிண்டர் முழங்கினால், கொழுந்து பறிக்கும் பெண்களின் பேச்சு நின்றுவிடும். கங்காணியின் குரல் உயரும். நாங்கள் பிள்ளைகள் பாதையோரக் கானுக்குள் இறங்கி நிற்போம். எங்கள் லயத்தில் யாரிடமும் சைக்கிள் கூட இருக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் அந்த மலைகளில் நடந்தே தேய்ந்தவர் என் அப்பா. பெரட்டுக்கு நடை, கொழுந்து மடுவத்துக்கு நடை, ஹற்றன் ஆஸ்பத்திரிக்கும் பல தடவை நடை. பேராதனையில் கலைமாணிப் பட்டம் பெற்று, கொழும்பில் உத்தியோகம் பார்த்து, தலை நரைத்த பின்னும், அந்த "டுப் டுப்" எனக்குள் எங்கோ ஒரு மூலையில் அடித்துக்கொண்டுதான் இருந்தது. தண்டர்பேர்டின் சத்தம் அதன் தம்பி. அதை ஓட்டிக்கொண்டு அந்த வளைவில் திரும்ப வேண்டும் என்ற ஆசையில் முதுகுவலிக்குப் பங்கு எதுவும் இல்லை.

ஆனாலும் வாங்கப் போவது ஆசையை அல்ல, வண்டியை. வண்டியைச் சோதிக்க வேண்டிய இடம் விற்பவரின் வீட்டு வாசல் அல்ல என்று ஹற்றனில் எனக்குப் பழக்கமான கராஜ் பாஸ் சொன்னார். இரண்டு வண்டிகளும் அறிந்தவர்களுடையவை என்பதால் ஆளுக்கொரு நாள் இரவல் கிடைத்தது. மனைவியைப் பின்னால் ஏற்றி, கொழும்பிலிருந்து நோட்டன் வரை, ஏறக்குறைய 120 கிலோமீற்றர், இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன்.

அந்தப் பாதையை அறியாத வெளிநாட்டு வாசகர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். கொழும்பிலிருந்து அவிசாவளை வரை சமதரை. நெரிசல், சந்தி, பஸ், முச்சக்கரவண்டி. அவிசாவளையிலிருந்து எட்டியாந்தோட்டை, கித்துல்கலை வழியாகக் களனி கங்கையை ஒட்டி வீதி மெல்ல ஏறும். இறப்பர்க் காடு, ஈரம், வளைவு. கித்துல்கலைக்கு மேல் மலை தன் முகத்தைக் காட்டும். கினிகத்தேனையில் ஹற்றன் வீதியை விட்டு விலகினால் நோட்டன் பாதை. ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் தேயிலை. நீர்மின்சாரத்தின் தந்தை எனப்படும் பொறியியலாளர் விமலசுரேந்திரவின் பெயரால் 1965இல் தொடங்கிய 50 மெகாவாற் மின்நிலையம் நோட்டனில்தான் இருக்கிறது. காசல்ரீ நீர் அங்கே மின்சாரமாகி, நோட்டன் குளத்தில் தேங்கி, மீண்டும் பழைய லக்சபானவுக்கு இறங்கி இன்னொரு தடவை மின்சாரமாகும். அந்த நீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறதோ அவ்வளவு உயரத்துக்கு நம் வண்டி ஏற வேண்டும். மேலே ஏழு கன்னியர் மலை. 1974 டிசம்பர் 4ஆம் திகதி ஹஜ் யாத்திரிகர்களோடு வந்த டச்சு விமானம் ஒன்று மோதி 191 பேர் மாண்ட மலை அது. மேகம் அங்கே வானத்தில் மட்டும் இருப்பதில்லை. வீதியிலும் இறங்கி உட்காரும்.

இந்தப் பாதையில் குரூசரின் சௌகரியம் பற்றி நான் கற்றவை இவை.

முதலாவது, குரூசர் என்பது அமெரிக்காவின் நீண்ட நேர்சாலைக்குப் பிறந்த வடிவம். ஒரே வேகம், ஒரே கியர், அடிவானம் வரை தார். நம் நாட்டில் அப்படி இருக்கும் ஒரே வீதி அதிவேகப் பாதை. அதில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதியே இல்லை! ஆகவே நாம் வாங்குவது, அது பிறந்த சாலைக்குள் நுழைய முடியாத ஒரு வண்டியை. அதன் குணங்கள் எல்லாவற்றையும் நம் பாதையில் வைத்து மறுபடி எடை போட வேண்டும்.

இரண்டாவது, கால்களை முன்னால் நீட்டினால் உடலின் பாரம் முழுவதும் வால் எலும்பில் இறங்குகிறது. சாதாரண வண்டியில் குழி வந்தால் காலை ஊன்றி இருக்கையிலிருந்து சற்று எழலாம். குதிரைக்காரன் செய்வதும் அதுதான். குரூசரில் அது முடியாது. ஒவ்வொரு குழியும் நேராக முதுகெலும்புக்கு முகவரி எழுதிய கடிதம். கால் வைப்பு அவெஞ்சரில் அதிகம் முன்னால். தண்டர்பேர்டில் கொஞ்சம் பின்னால். அதனால் முதல் ஒரு மணித்தியாலம் அவெஞ்சரில் சிம்மாசனம். மூன்றாவது மணித்தியாலத்தில் தண்டர்பேர்டில்தான் முதுகு குறைவாக முனகியது. ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு "நல்ல வசதி" என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். இருக்கையின் உண்மை நாற்பது நிமிடத்துக்குப் பிறகுதான் வெளிவரும்.

மூன்றாவது, ஏற்றம். கினிகத்தேனைக்கு மேல் தண்டர்பேர்ட் அரசன்தான். இருவரைச் சுமந்து, மூன்றாவது கியரில், குரலை உயர்த்தாமல் ஏறியது. அவெஞ்சர் அதே இடங்களில் இரண்டாவது கியருக்கு இறங்கி, உரத்துப் பேசி, ஆனால் தயங்காமல் ஏறியது. இறக்கத்திலும் தண்டர்பேர்டே நிதானம். கியரைக் குறைத்தால் இயந்திரமே வண்டியைப் பிடித்து நிறுத்தும்; பின் டிஸ்க் பிரேக் மழையிலும் நம்பிக்கை தரும். எந்த வண்டியானாலும், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்ற பழைய லொறிச் சாரதிகளின் விதியைக் கைவிடாதீர்கள். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், அதுவும் டிரம் பிரேக்கில், அடிவாரம் வரும்போது பிடி தளர்ந்திருக்கும்.

நான்காவது, பின்னிருக்கை. இதைப் பற்றி எந்த விளம்பரமும் பேசுவதில்லை. ஓட்டுபவனுக்குக் கைப்பிடி இருக்கிறது, பார்வை இருக்கிறது, அடுத்த வளைவு எப்போது என்ற அறிவு இருக்கிறது. பின்னால் இருப்பவருக்கு எதுவும் இல்லை. மனைவியிடம் தீர்ப்புக் கேட்டேன். "இந்த வண்டி நடுங்குது, அந்த வண்டி குலுக்குது. சாஞ்சுக்க வசதி அந்தச் சின்ன வண்டியிலதான்" என்றார். என்பீல்டின் நீண்ட வீச்சுள்ள ஒற்றைச் சிலிண்டர் வேகம் கூடினால் கால்வைப்பு வரை நடுங்கும்; அவெஞ்சரில் அந்த நடுக்கம் குறைவு, குழியின் குலுக்கல் அதிகம். ஆக, அந்த நீதிமன்றத்தில் சிறிய பெரும்பான்மையோடு அவெஞ்சர்.

இதுவரை வழக்கு ஏறக்குறைய சமமாகவே நின்றது. கடைசி மூன்று கிலோமீற்றர் அதைத் தீர்த்தது.

பிரதான வீதியிலிருந்து எங்கள் லயத்துக்குப் போகும் பாதை தோட்டப் பாதை. ஒரு காலத்தில் கல் பதித்தது. இப்போது கல் ஒரு பக்கம், மண் ஒரு பக்கம். தண்டர்பேர்டின் அடிப்பாகம் நிலத்துக்குச் சற்று நெருக்கம். இரண்டு இடங்களில் கல் தட்டியது. லயத்துக்கு முன்னாலுள்ள சரிவில் வண்டியை நிறுத்தி, திரும்பும்போது அதன் முகத்தைத் திருப்ப வேண்டும். கராஜ் பாஸ் முன்னமே சொல்லியிருந்தார்: "அண்ணே, ஓட்டிப் பாத்து முடிவு எடுக்காதீங்க. தள்ளிப் பாத்து முடிவு எடுங்க."

190 கிலோவை ஈரமண் சரிவில் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். வண்டி அசைந்தது, அதைவிட அதிகமாக என் முதுகு அசைந்தது. லயத்துப் பையன்கள் இருவர் ஓடிவந்து கைகொடுத்தார்கள். அடுத்த வாரம் அதே சரிவில் அவெஞ்சரைத் தனியாகவே திருப்பினேன். இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பட்டன. தாழ்ந்த இருக்கையின் பயன் எனக்கு விளங்கியது அப்போதுதான். ஓடும்போது அதனால் வரும் சுகம் கொஞ்சம். நிற்கும்போது வரும் பாதுகாப்பு பெரிது.

அம்மா படியில் நின்று இரண்டையும் பார்த்திருந்தார். தண்டர்பேர்டில் நான் வந்த நாள், சத்தம் கேட்டதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாராம். பக்கத்துக் காம்பராவில் சொன்னார்கள். வந்தது நான் என்று தெரிந்த பிறகு, "தொர வாராருன்னு நெனச்சேன் தம்பி" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் எழுபது கடந்த என் தாய் ஒரு சத்தத்துக்காக எழுந்து நின்றது எனக்குள் வேறொரு விதமாக இறங்கியது. நான் எந்த முழக்கத்துக்கு ஆசைப்பட்டேனோ, அந்த முழக்கம் அவருடைய உடம்பில் இன்னமும் கட்டளையாக இருக்கிறது. அவெஞ்சரில் வந்த நாள் அவர் எழுந்திருக்கவில்லை. வாசலுக்கு வந்து நின்ற பிறகுதான் பார்த்தார்.

அவெஞ்சரை வாங்கினேன். இந்தத் தீர்ப்புக்கு அம்மா எழுந்து நின்றதையும், அந்தச் சரிவையும், இன்னொரு நடைமுறைக் காரணத்தையும் சாட்சியாகச் சொல்வேன். பஜாஜ் முச்சக்கரவண்டி ஓடாத ஊர் இலங்கையில் இல்லை. ஆகவே அந்தப் பெயர் கொண்ட இயந்திரத்தில் கைவைக்கப் பயப்படாத ஒருவர் எந்தச் சின்னக் கடைவீதியிலும் இருப்பார். மழையில், இருளில், மனைவியோடு நடுவழியில் நிற்க நேர்ந்தால் அதைவிடப் பெரிய சௌகரியம் எது? தாங்கி சிறியது என்பது மட்டும் உறுத்தியது. 2022இல் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று கியூஆர் அட்டையில் பெற்றோல் அளந்து தந்த காலம் நினைவிலிருந்து போகவில்லை. ஆனால் அந்த நாட்களில் 20 லீற்றர் தாங்கி வைத்திருந்தவனும் அதே 4 லீற்றரோடுதானே வீடு திரும்பினான்!

வாங்கிய பிறகு இரண்டு வேலை செய்தேன். குஷன் கடையில் இருக்கையைப் பிரித்து, பின்பக்கம் சற்று உயர்த்தி, கெட்டியான பஞ்சு வைத்துத் தைத்தேன். மென்மையான இருக்கை தூர ஓட்டத்துக்கு எதிரி. கைப்பிடியைத் தளர்த்தி, முழங்கை சற்று மடங்கும்படி என் பக்கம் திருப்பினேன். இவை தவிர ஒரு விதி: அவிசாவளையில் ஒரு நிறுத்தம், கித்துல்கலையில் ஒரு தேநீர். எந்த இருக்கையும் தராத நிவாரணத்தைப் பத்து நிமிட நடை தரும்.

2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் மலையகத்தைக் குதறியது. மண்சரிவுகள் பல வீதிகளை மூடின. தொலைபேசி துண்டித்திருந்தது. பாதைகள் ஓரளவு திறந்ததும் தனியாகப் புறப்பட்டேன். தோட்டப் பாதையில் ஓரிடத்தில் மண் இறங்கி, ஒரு ஆள் நடக்கும் அகலம் மட்டும் மிஞ்சியிருந்தது. அங்கே நின்று யோசிக்க அதிகம் இருக்கவில்லை. இறங்கி, வண்டியை அந்தக் குறுகிய இடத்தில் திருப்பி, பின்னாலிருந்த மேட்டில் ஓரமாக நிறுத்திவிட்டு, மிச்சத் தூரத்தை நடந்தேன். அம்மா நலமாக இருந்தார். எங்கள் வரிசைக்குக் கீழே இருந்த குடும்பங்கள் பாடசாலைக்குப் போயிருந்தன.

இப்போது இறக்குமதி திறந்துவிட்டது. புதிய குரூசர்களைப் பற்றிக் கேட்டு இளைஞர்கள் எழுதுகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: விலைப்பட்டியலையும் குதிரைவலுவையும் ஒதுக்கி வையுங்கள். நீங்கள் அடிக்கடி போகும் பாதையில் மிக மோசமான மூன்று கிலோமீற்றர் எது என்று கண்டுபிடியுங்கள். பின்னால் ஏறப்போகிறவரையும் ஏற்றிக்கொண்டு வண்டியை அங்கே கொண்டுபோங்கள். பிறகு இயந்திரத்தை நிறுத்திவிட்டு, தனியாகத் தள்ளிப் பாருங்கள்.